திருவாதிரைக்கு வருத்தம் வந்த மார்கழி

எங்கள் ஒழுங்கையில் நல்ல காரியம் எதுவென்றாலும் அப்போதிக்கரி அக்காவுக்குக் கடைசியாகத்தான் சொல்லுவார்கள். அதுவும் எல்லாம் முடிந்த பின்னேரத்தில், "வந்து பலகாரம் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று. ஆனால் வீட்டில் ஒருவர் பாயில் விழுந்துவிட்டால் முதலாவதாகத் தட்டுவது அவருடைய படலையைத்தான். கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்து, மூன்று ஸ்பெசலிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட, அக்காவைக் கட்டில் அருகில் இருத்திவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். காலைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். பிறகு நோயாளியின் காதுக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்லுவார்.

"தைப்பொங்கல் காண மாட்டார். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளை இப்பவே ரிக்கற் போடச் சொல்லுங்கோ."

சொன்னபடியே நடக்கும். நடந்தவுடன் ஊருக்குக் கோபம் வருவது நோயின் மேலல்ல, அக்காவின் மேல். கரிநாக்கு என்பார்கள். நேரத்துக்கு ரிக்கற் போட்டு வந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து போகும்போது அக்காவின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

அப்போதிக்கரி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. டொக்டருக்கு ஒரு படி கீழே. கிராமத்து அரசாங்க மருந்தகத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அக்கா அப்படி முப்பது வருடம் நடத்தினார். பென்சன் எடுத்த பிறகு மனிசர் போதாமல் நட்சத்திரங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

நோர்வேயில் இருந்த தம்பி ஒரு தொலைநோக்கி அனுப்பியிருந்தார். பொழுதுபட்டதும் கை கால் கழுவி, சாமிக்கு விளக்கு வைத்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறுவார். ஆசுப்பத்திரியில் கட்டில் கட்டிலாய் நோயாளரைப் பார்த்து வருகிற மாதிரி, அதற்கு அவர் வைத்த பெயர் 'வாட்டுச் சுத்துறது'. நாங்கள் வானத்தைப் பார்த்து என்ன வடிவு என்போம். அவர் அங்கேயும் வருத்தம் பார்த்தார். நான் அடுத்த வளவுக்காரி. உடுப்பு எடுக்க மாடிக்கு ஏறினால் அகப்பட்டுக்கொள்வேன்.

"உங்கை பார் பிள்ளை, புகைமாதிரிக் கிடக்கெல்லே, அது பிரசவ வாட்டு. இப்பத்தான் பிறக்கினம். இவர் நடுத்தர வயசு, ஒரு குறையும் இல்லை. அங்காலை சிவத்து வீங்கிப்போய் நிக்கிறாரே, அவர் போற கேஸ்."

"எப்பிடியக்கா தெரியும்?"

"நட்சத்திரமெண்டால் என்ன, அடுப்புத்தான். உள்ளுக்கை ஐதரசன் எரியுமட்டும் சீவன் இருக்கும். அது முடியச் சாம்பலை எரிக்கும். பிறகு சாம்பலின்ரை சாம்பலை எரிக்கும். பெரிய நட்சத்திரமெண்டால் கடைசியிலை உள்ளுக்கை இரும்பு சேரும். இரும்பு எரிஞ்சு சூடு தராது. கண்மூடித் திறக்கிறதுக்குள்ளை இடிஞ்சு விழுந்து வெடிச்சுப் போகும்."

"எல்லாத்துக்கும் உந்தக் கதிதானோ?"

"இல்லை. சின்னதுகள் பார்த்துப் பார்த்து எரிக்கும், கனகாலம் கிடக்கும். பெரிசுகள் கண்டபாட்டுக்குத் தின்னும், கெதியாய்ச் சாகும். உன்ரை மச்சாள் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு செய்தா, ஹெலிக்கொப்ரரிலை பூக் கொட்டி. அடுத்த மாசம் என்ன நடந்தது?"

அடுத்த மாதம் காணி அடகுக்குப் போனது. அதை நான் வாயால் சொல்லுவேனா? உடுப்பை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒருமுறை சீருடைக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, மாடியில் என்ன பூட்டியிருக்கிறீர்கள், யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். "சாகப்போறவையை" என்றார் அக்கா. தமிழ் தெரிந்தவர் மற்றவருக்கு மொழிபெயர்த்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

எங்கள் சனசமூக நிலையத் தலைவருக்கும் அக்காவுக்கும் பொருந்தாமல் போனதும் இப்படித்தான். தலைவர் தன் பெயர் பொறித்த கல்லோடு கோயிலில் ஒரு மண்டபம் கட்டினார். 'சூரிய சந்திரர் உள்ளவரை நிலைத்து நிற்கும்' என்று கல்லில் வெட்டியிருந்தது. திறப்பு விழாவில் மாலையும் கழுத்துமாய் நின்றவரிடம் அக்கா சபையில் எழும்பிக் கேட்டார்.

"சூரியனுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருசம் கிடக்குது. பிறகு அவர் வீங்கி வந்து பூமியையும் விழுங்கக்கூடும். அதுக்கு முதல் இந்த மண்டபத்துக்கு ஒருக்காலாவது வெள்ளை அடிப்பியளோ?"

சனம் சிரித்த சிரிப்பில் தலைவர் ஒரு வருடம் அக்காவுடன் கதைக்கவில்லை. தலைவருக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. ஊரில் யார் செத்தாலும் சந்தியில் கட்டும் பதாகையின் வாசகம் அவருடையதுதான். வாசகமும் ஒன்றுதான்: 'வானில் ஒளிரும் நட்சத்திரமாய் எம்மை வழிநடத்துவீர்.' அக்கா கடைக்குப் போகிற வழியில் குடையை மடக்கிக்கொண்டு நின்று வாசிப்பார். "இவர் உயிரோடை இருக்கேக்கை தன்ரை வீட்டு வாசல் லைற்றைக்கூடப் போடமாட்டார்" என்று சொல்லிவிட்டு மரக்கறி வாங்கப் போவார்.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டு பார்த்தவள்தான். வினை என் வீட்டு வாசலுக்கு வரும்வரை.

என் மகளுக்குத் திருவாதிரை. அவளின் சாதகத்தைக் கொண்டு நாங்கள் ஏறாத வாசல் இல்லை. எங்கும் பொருந்தாமல், கடைசியில் மானிப்பாயைச் சேர்ந்த ஒரு குடும்பம், பெடியன் கனடாவில், கேட்டை நட்சத்திரம். பத்தில் ஆறு பொருத்தம் என்று சாத்திரியார் சொன்னார். பெரியவர்கள் நாங்கள் பொருத்தம் எண்ணிக்கொண்டிருந்த மாதங்களில் அதுகள் இரண்டும் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்து ஒன்றையொன்று விரும்பிவிட்டன. என் பிள்ளை சமையலறையில் தனியே நின்று சிரித்ததை அந்தக் காலத்தில்தான் கண்டேன். எந்தச் சாமியாவது இதைக் கெடுத்தால் அந்தச் சாமியோடும் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

தை மாதம் பொன்னுருக்கு என்று நாள் வைத்தாயிற்று. எங்கள் பக்கத்தில் தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் வைத்து, பத்தர் வந்து எல்லோரும் பார்க்க உருக்குவார். பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. உருகும்வரை எதையும் நம்பக்கூடாது. மாப்பிள்ளையின் தாய் மார்கழியிலேயே கனடாவிலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

அந்த மார்கழி பார்த்துத்தானா திருவாதிரை மங்க வேண்டும்! கொரோனாவுக்கு முந்திய மார்கழி. அக்கா மாடியிலிருந்து முதலே சொன்னார், "ஆள் வரவர வெளிறுது" என்று. நான் காதில் போடவில்லை. பிறகு பார்த்தால் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் அதே கதை. திருவாதிரை வெடிக்கப்போகிறதாம், பகலிலும் தெரியுமாம், உலகமே அதிருமாம். பின்னணியில் உடுக்குச் சத்தம் வேறு.

திருவெம்பாவை கடைசி நாள், திருவாதிரைத் தரிசனம். மாப்பிள்ளையின் தாய் எங்கள் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு, காலைத் தேத்தண்ணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கெட்ட காலம், அக்காவும் அந்த நேரம் இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்து கதிரையில் இருந்தார். மாப்பிள்ளையின் தாய் மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"திருவாதிரைக்கு ஏதோ வருத்தம் எண்டு சொல்லுகினம். உண்மையே?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொல்லிவிட்டார். "ஓம். சாகத்தான் போகுது."

அந்த மோதகம் தட்டுக்குத் திரும்பிப் போனதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

"எப்பவெண்டு சொல்லேலாது" என்று அக்கா தொடர்ந்தார். "நாளைக்கும் நடக்கும், லட்சம் வருசமும் செல்லும்." ஆனால் நாளைக்கு என்ற சொல்லுக்கு மேல் அந்த மனுசிக்கு எதுவும் கேட்டிருக்காது. எழும்பி, செருப்பைக்கூட மாறிப் போட்டுக்கொண்டு போனார். பின்னேரமே சேதி வந்தது. திருவாதிரை ஒரு நிலைக்கு வரட்டும், பொன்னுருக்கைப் பிறகு பார்ப்போம் என்று.

சாத்திரியாரிடம் ஓடினோம். அவர் வாக்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டினார், இல்லை. திருக்கணிதத்தைப் புரட்டினார், அதிலும் இல்லை. எந்தத் திருவிழாவுக்கும் ஒத்துப்போகாத இரண்டு பஞ்சாங்கமும் இந்த ஒரு விசயத்தில் ஒத்துப்போயின. இதற்கிடையில் மாப்பிள்ளையின் தாய் கோயிலில் நட்சத்திரத்தின் ஆயுளுக்காக அருச்சனை செய்வித்தாராம். ஐயர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார்.

"பேர்?"

"திருவாதிரை."

"நட்சத்திரம்?"

"அதுவும் திருவாதிரைதான் ஐயா."

ஐயரும் அப்படியே செய்து முடித்து, திருநீறு கொடுத்து, சுகப்படும் என்று சொல்லி அனுப்பினாராம். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. என் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் அறைக்குள் கிடந்தாள். பெடியன் தாயோடு சண்டை பிடிக்கிறான் என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்காவின் படலையைத் தள்ளிய தள்ளில் கொண்டி கழன்று விழுந்தது.

"உங்கடை வாயிலை என்ன கிடக்குது? இல்லை, அது சும்மா மங்கலெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் நாக்கு அழுகிப் போமோ? என்ரை பிள்ளையின்ரை சீவியமெல்லே!"

அக்கா கொண்டியை எடுத்துத் திருப்பிக் கொழுவினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவர் தன் புருசனைப் பற்றிக் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பின பெரிய இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன நேரம், புருசனுக்கு நெஞ்சு நோ. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ஆசுப்பத்திரி நடந்தது. அங்கே நின்ற டொக்டர், நல்ல மனுசன், அக்காவின் முகத்தைப் பார்த்து இரங்கி, 'பயப்பிட ஒண்டும் இல்லை, நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், நீங்கள் போய்க் குளிச்சுச் சாப்பிட்டிட்டு வாங்கோ' என்றாராம்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவரின்ரை நகத்தைப் பாக்கவே தெரிஞ்சது. எண்டாலும் நம்பினன். நம்பச் சந்தோசமாயிருந்தது. போய்க் குளிச்சன். சோறும் சாப்பிட்டன். திரும்பி வர அவரின்ரை முகத்தை மூடியிருந்தினம்." கொஞ்ச நேரம் சீலையை நீவிக்கொண்டிருந்தார். "உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பக்கத்திலை இருந்திருப்பன். பொய் சொன்னால் சனம் வீட்டை போயிடும். அதுதான் நான் சொல்லுறேல்லை."

எனக்கு ஏறிய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, "அப்ப என்ரை பிள்ளை?" என்றேன்.

"நான் வந்து கதைக்கிறன். ஆனா பொய் சொல்ல மாட்டன். உனக்குச் சம்மதமெண்டால் ஓட்டோவைக் கூப்பிடு."

வேறு வழி? கூப்பிட்டேன்.

மானிப்பாயில் மாப்பிள்ளையின் தாய், சாத்திரியார், அன்றைக்குத்தான் வந்திறங்கிய மாப்பிள்ளை எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். அக்கா நோயாளி வீட்டுக்கு வந்தது போலவே நேரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"திருவாதிரை சாகும். அதிலை மாற்றமில்லை. ஆனா அதின்ரை வெளிச்சம் இஞ்சை வர ஏறக்குறைய அறுநூறு வருசம் செல்லும். நல்லூரிலை ராசா இருந்த காலத்து வெளிச்சத்தைத்தான் இப்ப பாக்கிறம். சிலவேளை அது எப்பவோ செத்தும் இருக்கும். இந்தப் பிள்ளை பிறக்கேக்கையும் அது இதே கோலந்தான். அதை வைச்சுத்தானே ஆறு பொருத்தம் எண்ணினியள்?"

தாய் சாத்திரியாரைப் பார்த்தார். சாத்திரியார் கூரையைப் பார்த்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் அக்காவின் சீலைத் தலைப்பை இழுத்தேன். அவர் நிறுத்துகிற ஆளா?

"மகன் என்ன நட்சத்திரம்?"

"கேட்டை" என்றார் தாய்.

"அவருக்கும் அதே வருத்தந்தான். அதுவும் சிவத்து வீங்கின கேஸ். திருவாதிரை இப்ப பின்னேரத்திலை கிழக்கை எழும்பும், கேட்டை விடியப்புறம் எழும்பும். வாட்டுத்தான் வேறை. ரெண்டும் தப்பாது."

கலியாணம் குழம்பிப்போனது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் தாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் சாத்திரியார் கூரையிலிருந்து இறங்கினார். தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே! பெண்ணுக்குச் செவ்வாய் எண்டால் என்ன செய்யிறம்? செவ்வாய் உள்ள மாப்பிள்ளையாய்ப் பாத்துக் கட்டுறம். தோசம் தோசத்தோடை கழியும். இதுவும் அப்பிடித்தான். பெண்ணின்ரை நட்சத்திரத்துக்கும் சாவு, மாப்பிள்ளையின்ரை நட்சத்திரத்துக்கும் சாவு. சரிக்குச் சரி! இந்தச் சோடியைப் பிரிச்சால்தான் அம்மா ஆபத்து. நல்ல நட்சத்திரத்திலை ஒரு பெட்டையைக் கட்டியிருந்தால் உங்கடை மகனின்ரை கதி என்ன?"

மாப்பிள்ளையின் தாயின் முகத்தில் இரத்தம் திரும்பியதை நான் கண்ணால் கண்டேன். "கடவுள் காப்பாத்தினார்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேறை ஆரும் இவனுக்குப் பொருந்தியிருக்க மாட்டினம்."

அக்கா வாயைத் திறந்தார்.

அவருக்கு அந்த நேரம் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சூரிய சந்திரர் என்று கல்லில் வெட்டியதையே பொறுக்காத மனுசி. நட்சத்திரம் வீங்குவதற்கும் மானிப்பாயில் ஒருவன் கலியாணம் கட்டுவதற்கும் ஒரு கோதாரிச் சம்பந்தமும் இல்லை என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்து என் மகளுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் பல்லாக.

அக்கா வாயை மூடினார். முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தார்.

தையில் பொன் உருகியது. பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களோடு அக்காவையும் பிடிவாதமாகக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். விதவை என்று யாராவது முகத்தைச் சுழித்துப் பார்க்கட்டும் என்றுதான் முன்னால் இருத்த நினைத்தேன். அவர் தானாகவே பின்னால் போய் நின்றார். பத்தர் ஊத ஊத, பொன் சிவந்து, கரைந்து, மூசைக்குள் ஒரு துளியாய் உருண்டது. சங்கு ஊதினார்கள். அக்கா என் காதருகில் சொன்னார்.

"செத்த நட்சத்திரம் ரெண்டு மோதினால்தான் உது பிறக்குமாம். எங்கடை சூரியன் பிறக்க முதலே செத்ததுகள். உவை சாவுக்குப் பயந்துபோய், சாவிலை வந்த பொன்னிலை தாலி செய்யினம்."

அவர் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிது. மாப்பிள்ளையின் தாய் திரும்பினார். "அக்கா என்னவாம்?"

"நல்ல பழைய பொன்னாம்" என்றேன் நான். அக்கா முதல்முறையாக என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

சித்திரைக்குள் திருவாதிரை பழையபடி பிரகாசித்தது. தான் கக்கிய தூசியே அதை மறைத்ததாகச் சொன்னார்கள். "சளி. இருமிப்போட்டு எழும்பியிருக்குது" என்றார் அக்கா. சாத்திரியார் இன்றைக்கும் அது தன்னுடைய பரிகாரம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த ஆண்டு, ஊர் அடைத்துக் கிடந்த நேரம், அக்கா தன் காலைத் தானே அமத்திப் பார்த்தார். "இதயம் களைச்சுப்போச்சு. ஆடி தாண்டாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒன்றும் இல்லை அக்கா என்று நான் சொல்லவில்லை. "ஓம் அக்கா, வீங்கித்தான் இருக்குது. நான் வீட்டை போகேல்லை" என்றேன். போகவில்லை. ஆடியில் ஒரு மத்தியானம், என் கை அவர் கைக்குள் இருக்கும்போது போனார். கனடாவில் என் மகள் தொலைபேசிக்குள் நின்று அழுதாள்.

செத்தவீட்டுக்குக் கூட்டம் இல்லை. தலைவர் மட்டும் முகக்கவசத்தோடு வந்து, பழையதை மறந்து, பெருந்தன்மையாக, பதாகையின் வாசகத்தைத் தன் தொலைபேசியில் எனக்குக் காட்டினார். 'வானில் ஒளிரும் நட்சத்திரமாய்.' எனக்கு அந்த ஆறிப்போன தேத்தண்ணி ஞாபகம் வந்தது. என் பிள்ளைக்காக அவர் ஒரு நாள் வாயை மூடியவர். நான் மூடவில்லை.

"அதை அழியுங்கோ அண்ணை. அக்கா நட்சத்திரமாய்ப் போகேல்லை. செத்துப்போனா. அப்பிடியே எழுதுங்கோ."

தலைவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பிடி எழுதினால் பேஸ்புக்கிலை ஒருத்தரும் லைக் போட மாட்டினம், தங்கச்சி."

"போடாட்டி விடுங்கோ" என்றேன்.